பன்னிரண்டின் மேல் அடித்த இருபது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. திகில் கதை சொல்கிற எல்லோரும் இப்படித்தானே ஆரம்பிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது. முப்பது ஆண்கள் வேலை பார்க்கிற பட்டறைக்கு ஒரு பெண்ணை எடுத்தவர்களுக்கு அது கூடத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் நானே எங்கள் ஊரான சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து, யாராவது மாட்டித் தாருங்கள் என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன். ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். அவர்தான் தங்கசாமி.

ஐம்பது வயதிருக்கும். வெல்டர். கிளீனராக இருந்த காலத்தில் லாரி ஏறி இடது கால் கொஞ்சம் குட்டையாகிப்போனது. அவர் என் மாடி அறைக்கு இரும்புப் படியில் ஏறி வந்தால் ஒரு காலுக்குப் பலமாகவும் மறு காலுக்கு மெதுவாகவும் சத்தம் கேட்கும். அந்தப் பட்டறையில் நான் அண்ணா என்று கூப்பிட்ட ஒரே மனிதர்.

பட்டறை திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற சாலையில் இருந்தது. போர்வெல் போடுகிற ரிக் லாரிகள் கட்டுகிற இடம். லாரியின் முதுகில் ஓர் இரும்புக் கோபுரம் படுத்திருக்கும். போர் போடும் இடத்துக்குப் போனதும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் அது எழுந்து நிற்கும். அதை மாஸ்ட் என்பார்கள். அந்த ரிக்குகளுக்குக் கணினியில், கேட் (CAD) என்கிற மென்பொருளில், படம் வரைவதுதான் என் வேலை. என் பெயர் ஷைமா. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஏழு மாதம் சும்மா இருந்தேன். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்போம் என்று அத்தா சொல்லியிருந்தார். அதனால் தாழ்ப்பாள் இல்லாத வேலையும் எனக்கு வேண்டியிருந்தது.

என் அறை மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே முற்றம் முழுக்கத் தெரியும். ஏசி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும். எவ்வளவு சாத்தினாலும் சுட்ட இரும்பின் வாடை உள்ளே வந்துவிடும். சுவரோரம் ஒரு பீரோ, அதன் மேல் வயரைச் சுற்றி வைத்த பழைய கீபோர்டு. அது எனக்கு முன்னால் இங்கே படம் வரைந்த தீனதயாளனுடையது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மாஸ்ட்டைத் தூக்கிப் பார்த்தபோது அது அவர்மேல் இறங்கிவிட்டது.

இதை என்னிடம் சொன்னவர் முதலாளி கந்தவேல். முதல் நாளே, உட்காரச் சொல்வதற்கு முன்பே சொன்னார். அவன் தப்பான நம்பர் போட்டான், அவன் தப்புக்கு அவனே போய்ச் சேர்ந்தான், நீயாவது ஒழுங்காகப் போடு என்றார். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசுகிற வாயை அப்போதே நான் குறித்துவைத்திருக்க வேண்டும்.

முதல் பத்து நாள் பழைய கோப்புகளைச் சீர்செய்வதிலேயே போனது. இந்த வேலை பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். ஒரு கட்டத்துக்குள் நிறம் நிரப்பச் சொன்னால் நிரம்பாது. தேடினால் ஏதோ ஒரு மூலையில் இரண்டு கோடுகள் அரை மில்லிமீட்டர் முட்டாமல் நிற்கும். ஒட்டியிருப்பதாகத் தெரிகிற கோடுகள், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் ஒன்று தரையிலும் ஒன்று ஆகாயத்திலும் இருக்கும். அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் படத்தில் கொண்டுவந்து ஒட்டியிருப்பார்கள், எறும்பு சைஸில் ஒரு லாரி நிற்கும். எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே சரிசெய்தேன். திட்டாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

கணினியில் படம் வரைகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டளையைக் கொடுப்பதற்கு முன்பும் எஸ்கேப் விசையை இரண்டு தட்டுத் தட்டுவோம். முந்தைய கட்டளை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தால் ஒழியட்டும் என்று. டக், டக். யாரும் சொல்லித்தருவதில்லை, விரலுக்கே வந்துவிடும்.

நான்காம் நாள் மதியம், என் இரண்டு கைகளும் டீ கிளாஸைப் பிடித்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக், டக்.

பீரோவின் மேலிருந்து வந்தது. பல்லி என்று நினைத்துக்கொண்டேன். பல்லி எதற்காக எஸ்கேப் தட்டப்போகிறது என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை கந்தவேல் மாடிக்கு வந்தார். வடக்கே ஒரு கம்பெனிக்குப் புது ரிக் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடப் பத்தடி நீளமான மாஸ்ட். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர்களுடைய இன்ஜினியர் வந்து, படத்தையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாஸ்ட்டின் அடியில் நான்கு காதுத் தகடுகள் இருக்கும். அவற்றின் ஓட்டை வழியாகப் பின் என்கிற இரும்பு உருளையைக் கோத்துத்தான் மாஸ்ட் எழும். எழுந்து நின்றதும் ஒருவர் அடியில் நின்று இன்னொரு பின்னைச் செருகிப் பூட்ட வேண்டும். மொத்தப் பாரமும் அந்த நான்கு காதுகளில்தான். ஆர்டரில் அவற்றின் தடிமன் இருபது மில்லிமீட்டர் என்று இருந்தது. நானும் இருபதில்தான் வரைந்திருந்தேன்.

ஆனால் கீழே தகடுகள் பன்னிரண்டில் வெட்டியாகிவிட்டன. ஐந்து வண்டிக்குச் சேர்த்து எப்போதோ வெட்டி அடுக்கியிருந்தார்கள். அதைத்தான் மாட்டப்போவதாகக் கந்தவேல் சொன்னார், மாட்டிவிட்டால் தகட்டின் தடிமன் வெளியே தெரியாதாம். சின்ன மாஸ்ட்டுகள் ஏழு வருஷமாகப் பன்னிரண்டில்தான் நிற்கின்றனவாம், ஒன்றும் ஆகவில்லையாம். இது சின்ன மாஸ்ட் இல்லையே என்றேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“பக்கத்துச் சாமானெல்லாம் பொருந்தோணுமில்ல, பன்னெண்டுலயே வரைஞ்சுக்க அம்மிணி. நம்பரை மட்டும் இருபதுன்னு அடிச்சு உடு.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேட் படத்தில் ஒரு கோட்டுக்கு அளவு போட்டால், மென்பொருளே அளந்து எண்ணைக் காட்டும். மென்பொருளால் பொய் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணை இரண்டு முறை கிளிக் செய்து, அதன் மேலேயே வேறு எண்ணை அடித்துவிட மனிதனால் முடியும். கோடு மாறாது, எண் மட்டும் மாறும். அவசரத்துக்கு எல்லாப் பட்டறைகளிலும் இதைச் செய்கிறார்கள். படத்தைத் திரும்ப வரைய அரை நாள், எண்ணை அடிக்க அரை நிமிஷம். ஒரு கைப்பிடியின் நீளத்துக்கு அப்படிச் செய்தால் யாரும் சாக மாட்டார்கள்.

முடியாது என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். சேலத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று அவர் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்குகிறது.

கோடுகளைப் பன்னிரண்டுக்கு இழுத்தேன். முதல் எண்ணைக் கிளிக் செய்து இருபது என்று அடித்தேன். என்டர் தட்டுவதற்குள், டக், டக். அடித்தது அழிந்துவிட்டது. என் விரல் எஸ்கேப் பக்கமே போகவில்லை. மறுபடி அடித்தேன். டக், டக். மறுபடியும் அழிந்தது. எனக்குக் கோபம் வந்தால் பயம் வராது. அப்போதும் கோபம்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருபதையும் என்டரையும் ஒரே அடியாக அடித்தேன். நின்றது. நான்கு காதுகளுக்கும் நான்கு இருபது. கந்தவேல் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சாத்திய அறைக்குள் சுட்ட இரும்பின் வாடை மூச்சை அடைத்தது. எட்டிப் பார்த்தேன். கீழே அப்போது யாரும் வெல்டிங் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கோப்பைத் திறந்தேன். முழுப் படத்தையும் திரையில் காட்டச் சொன்னேன். படம் சுருங்கி, திரையின் ஓரத்தில் ஒரு புள்ளியாகப் போய் நின்றது.

இதுவும் எங்களுக்குத் தினசரி வருகிற தொல்லைதான். எங்கேயோ வெகுதூரத்தில் ஒரு கோடு தவறிப்போய்க் கிடக்கும். மென்பொருள் அதையும் சேர்த்துக் காட்டப் பார்க்கும். அதனால் உண்மையான படம் கடுகாகிவிடும். அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து அழித்தால் சரியாகிவிடும். தேடினேன். மாஸ்ட்டிலிருந்து நாற்பத்தொரு மீட்டர் தள்ளிச் சில வளைந்த கோடுகள் கிடந்தன. என்னவென்றுகூடப் பார்க்காமல் அழித்தேன்.

புதன்கிழமை திறந்தபோது திரும்பவும் படம் புள்ளியாக நின்றது. கோடுகள் திரும்ப வந்திருந்தன.

இருபத்தேழு மீட்டரில்.

இந்த முறை கிட்டே போய்ப் பார்த்தேன். அது ஒரு மனித உருவம். படுத்திருந்தது. ஒரு கை தலைக்கு மேல் நீண்டிருந்தது. கோலத்தில் வளைவு இழுப்பதுபோல் ஒரே இழுப்பில் வரைந்த ஓரக்கோடு, உள்ளே ஒன்றும் இல்லை. முகம் இல்லை. உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தேன். ஆயிரத்து அறுநூற்று இருபது மில்லிமீட்டர். ஆள் அளவுக்கு ஆள்.

கணினியின் பாஸ்வேர்டு என் ஒருத்திக்குத்தான் தெரியும். அழித்தேன். குப்பைகளைத் துப்புரவாக்குகிற கட்டளையைக் கொடுத்தேன். அதுவும் போதாதென்று, ரிக்கை மட்டும் தேர்ந்தெடுத்துப் புத்தம்புதிய கோப்பு ஒன்றுக்கு மாற்றினேன். எந்தக் கெட்டுப்போன கோப்புக்கும் இதுதான் கடைசி மருந்து. புதுக் கோப்பைத் திறந்தேன்.

அதிலும் கிடந்தது.

இருபத்தாறு மீட்டரில்.

படியில் ஒரு கால் பலமாகவும் ஒரு கால் மெதுவாகவும் கேட்டபோது எனக்குப் போன உயிர் வந்தது. தங்கசாமி பிரிண்ட் வாங்க வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். நான் தீனதயாளன் எப்படிச் செத்தார் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவரு தப்புன்னு ஆருங்க அம்மிணி சொன்னது?” அவர் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. “மாஸ்ட்டுக்கு அடியில நின்னவன் நானுங்க. பின்னு சொருவறது எப்பவும் நாந்தானுங்க. பதினொன்னே முக்கால் இருக்கும், பாதி எந்திரிச்சிருந்துச்சு. மேல இருந்து ஓடியாந்தாரு. ‘அறிவிருக்காய்யா, ஓடுய்யா’ன்னு என்னப் புடிச்சு ஒரே தள்ளு. நா அக்கட்டால போயி உழுந்தேன். காது கிழிஞ்சு, மாஸ்ட்டு அவரு மேல எறங்கிருச்சுங்க. வாடா போடான்னு ஒருத்தரையும் பேசாத மனுசனுங்க.”

அதன் பிறகு நடந்ததையும் சொன்னார். தீனதயாளனின் மனைவி வசந்தாமணி பட்டறை வாசலுக்கு வந்து, எப்படி ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். கந்தவேல் ஒரு பிரிண்டை எடுத்துவந்து, அத்தனை ஆட்கள் முன்னால் விரித்துக் காட்டியிருக்கிறார். இருபது போட வேண்டிய இடத்தில் உன் புருஷன் பன்னிரண்டு போட்டிருக்கிறான் பார், எங்கள் மானத்தையும் வாங்கிவிட்டுப் போயிருக்கிறான் என்றாராம். அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். தன் கணவருக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

தங்கசாமி போன பிறகு, தீனதயாளன் மேல் இறங்கிய அந்தப் பழைய ரிக்கின் கோப்பைத் தேடி எடுத்தேன். காதுத் தகடுகள் பன்னிரண்டில் வரையப்பட்டிருந்தன. எண்ணும் பன்னிரண்டு. கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பார்த்தேன். அவர் செத்த அன்று காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அலமாரியில் முந்தைய வாரத்துப் பிரிண்ட் ஒன்று கிடைத்தது. அதே படம், அதே கோடுகள். எண் மட்டும் இருபது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எல்லாம் புரிந்துவிட்டது. அவரையும் இதே நாற்காலியில் உட்காரவைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் என்னைப்போலவே அடித்திருக்கிறார். மாஸ்ட்டைத் தூக்குகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தங்கசாமியைப் பார்த்திருக்கிறார். எண்ணைத் திருத்திச் சேமித்துவிட்டு ஓடியிருக்கிறார். அவர் உண்மையை எழுதிவிட்டுப் போன அந்தப் பன்னிரண்டையே காட்டி, அவர் பொண்டாட்டியைக் கும்பிட வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் காது மடல் சுட்டது. வியாழக்கிழமை காலை நேராகக் கந்தவேலின் அறைக்குப் போய், தகடுகளை மாற்றாவிட்டால் இதுவும் இறங்கும் என்று சொன்னேன். போன தடவை வெல்டிங் கோளாறு, இந்தத் தடவை இரண்டு சுற்று அதிகமாக வைத்திருக்கிறோம் என்றார். இன்ஜினியரிடம் நானே சொல்வேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. படத்தின் மூலைப் பெட்டியில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான். என் பெயர்தான் இருந்தது. நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். இருபதை அழிக்கவும் இல்லை.

அன்று உருவம் பன்னிரண்டு மீட்டரில் கிடந்தது.

அன்று பகல் முழுக்கப் பீரோவின் மேல் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. டக், டக். டக், டக். முதலில் இரண்டிரண்டாக. பிறகு கணக்கில்லாமல், ஓங்கி ஓங்கி. பெரிய கோபக்காரன் கையில் அகப்பட்ட கீபோர்டுபோல. பொறுக்கமுடியாமல் நாற்காலியில் ஏறி அதைக் கீழே எடுத்தேன். வயர் எதிலும் செருகப்படவில்லை. மற்ற எழுத்துகளெல்லாம் தூசியில் இருக்க, எஸ்கேப் மட்டும் தேய்ந்து மழுங்கிப் பளபளத்தது. அதை அமுங்காமல் பிடிக்கலாம் என்று பக்கவாட்டில் விரலை வைத்தேன்.

சூடாக இருந்தது.

என் விரலுக்குப் பக்கத்திலேயே, கண் முன்னாலேயே, அது தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

இரண்டு முறை.

கீபோர்டு என் கையிலிருந்து தரையில் விழுந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு மூன்றரை மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடுகிறாயா என்று அத்தா கேட்டபோது, விட்டால் போதுமா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. இன்ஜினியர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை மாஸ்ட்டைத் தூக்கிப் பார்த்துவிடலாம் என்று கீழே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நான் கோப்பைத் திறந்து முழுப் படத்தையும் காட்டச் சொன்னேன்.

படம் திரை நிறைய வந்து நின்றது. புள்ளியாகச் சுருங்கவில்லை. நான்கு நாளாக இல்லாத நிம்மதி ஒரு நொடி வந்தது. தொலைந்தது சனியன் என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு மாஸ்ட்டின் அடியைப் பார்த்தேன்.

அங்கே கிடந்தது.

காதுத் தகடுகளுக்கு நேர் கீழே, குறுக்காக, ஒரு கையை நீட்டியபடி.

இத்தனை நாளும் அது தீனதயாளன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் சந்தேகம் தட்டியது. சுவரில் பட்டறை ஆட்களின் ஆயுதபூஜைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் தீனதயாளன் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்றார். ஆறடிக்குக் குறையாது. இந்த உருவத்துக்கு ஐந்தே காலடிதான் வருகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அளப்பது ஒன்றுதான். அதனால் அளந்தேன்.

வலது கால், இடுப்பிலிருந்து பாதம் வரை, எண்ணூற்று நாற்பது.

இடது கால், எண்ணூற்று ஐந்து.

கீழே ஹைட்ராலிக் பம்ப் உறுமத் தொடங்கியது.

ஜன்னலைப் பார்த்தேன். மாஸ்ட்டுக்கு அடியில், கையில் பின்னோடு, தங்கசாமி நின்றுகொண்டிருந்தார்.

எழுந்து ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் விரல்கள் அதற்கு முன் நான்கு இருபதையும் அழித்துவிட்டிருந்தன. நான்கு இடத்திலும் பன்னிரண்டு வந்தது. கோப்பும் சேமிக்கப்பட்டுவிட்டது. அத்தனை வேகமாக நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை. அந்த விரல்கள் அப்போது என்னுடையவையாக இருந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரும்புப் படியில் எப்படி இறங்கினேன் என்றும் தெரியாது. மாஸ்ட் பாதி எழுந்திருந்தது. காதுப் பக்கம் கிணுகிணுவென்று ஒரு சத்தம் வந்தது. அண்ணா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

“அறிவிருக்காய்யா, ஓடுய்யா.”

என் வாயிலிருந்துதான் வந்தது. கட்டையான ஆண் குரல். தங்கசாமியின் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். அவருக்கு யார் குரல் என்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த பின்னைப் போட்டுவிட்டு, அந்தக் குட்டைக் காலோடு அவர் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

காது கிழிந்தது. மாஸ்ட் இறங்கியது.

புழுதி அடங்க ரொம்ப நேரம் பிடித்தது. இரும்புக்கு அடியில் யாரும் இல்லை. தங்கசாமி மதிலோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆட்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கந்தவேல் மட்டும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கிழிந்த தகட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

நான் என் பையை எடுக்கத்தான் மேலே போனேன். பின்னாலேயே வந்துவிட்டார். திரையில் நான்கு பன்னிரண்டும் தெரிந்தன. அவருக்கு மூச்சு வாங்கியது.

“இன்ஜினியர் மூணு மணிக்கு வந்துருவாரு. வெசயா இருபதைப் போடு. படத்துல இருபதுன்னு இருந்தாத்தான், அந்த நொண்டிப்பய தகட்டை மாத்தி வெச்சுப் பத்தவெச்சுப்புட்டான்னு சொல்ல முடியும்.”

அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. ஒருவரைக் கொன்று அவர் பெயரிலேயே பழியைப் போட்டாயிற்று. இன்னொருவர் சாகாமல் தப்பித்துவிட்டார் என்பதற்காக அவர் தலையிலும் பழியைக் கட்டப் பார்க்கிறார். நீங்கள் ஒரு மனுஷனா என்று கேட்டேன். இன்ஜினியருக்கும் வசந்தாமணி அக்காவுக்கும் நானே ஃபோன் செய்து சொல்லப்போகிறேன், பழைய பிரிண்ட் என் பையில் இருக்கிறது என்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கேட் தெரியாது. ஆனால் இரண்டு பேரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அல்லவா, எண்ணின் மேல் எண்ணை அடிக்க மட்டும் தெரிந்திருந்தது.

ஒற்றை விரலால் அடித்தார். இரண்டு. பூஜ்யம். என்டர்.

படம் சுருங்கியது. திரையின் ஓரத்தில் கடுகளவாகப் போய் நின்றது.

அவர் எந்த விசையையும் கூடுதலாகத் தொடவில்லை. நானும் தொடவில்லை. எங்கேயோ, வெகுதூரத்தில், புதிதாக ஒன்று கிடக்கிறது.

“அடிக்காதீங்க சார்,” என்றேன். “அந்த இருபதை அழிச்சிருங்க.”

வாயை மூடு என்றார். சக்கரத்தை உருட்டிப் படத்தைப் பெரிதாக்கி, அடுத்த பன்னிரண்டைத் தேடிப் பிடித்தார். இருபது. என்டர். படம் மறுபடியும் சுருங்கியது. இந்த முறை கடுகாக இல்லை. சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது.

அது கிட்டே வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது இருபது. படம் தீப்பெட்டி அளவுக்கு நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுட்ட இரும்பின் வாடைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவருக்கு எந்த வாடையும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

நான்காவதையும் அடித்தார்.

படம் திரை நிறைய வந்து நின்றது. வெளியே எங்கும் எதுவும் தவறிக் கிடக்கவில்லை. இப்போதுதான் ஒழுங்காக வந்தது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்தேன்.

“அம்மிணி.”

அந்தக் குரலில் முதல் முறையாக அதட்டல் இல்லை.

“மாஸ்ட்டுக்கு அடியில என்னமோ கோடு கெடக்குது பாரு. என்னது இது?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“அளந்து பாருங்க சார்,” என்றேன்.